வகுப்பறையில் உலோக வார்ப்பு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வார்ப்பு சரியாக வரவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது வெப்பத்தைக் கூட்டுவதுதான். அச்சு நிரம்பவில்லையா, கூட்டு. உலோகம் கஞ்சியாக இருக்கிறதா, இன்னும் கூட்டு. வகுப்பறையில் கடைசியாகத் தொட வேண்டிய திருகு அது. வெப்பம் ஏற ஏறப் புகை கூடும், தெறிப்பு கூடும், அச்சு சீக்கிரம் கெடும், தீப்புண் பட்டால் ஆழமாகப் படும். இத்தனைக்கும் பிழையின் காரணம் பெரும்பாலும் வேறு எங்கேயோ இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தில் தொடங்கி, செலவு பிடிக்கிற காரணம் வரை போயிருக்கிறேன். வெப்பம் எப்போதும் பட்டியலின் அடியில்தான் வரும்.

எல்லை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸுக்குள் உருக்கி ஊற்றக்கூடிய, நச்சு உலோகமான காரீயம் (லெட்) கலக்காத உலோகங்களுக்கு மட்டுமே இந்த வழிமுறை. 232 டிகிரியில் உருகும் வெள்ளீயம், அதோடு கொஞ்சம் ஆன்டிமனியும் செம்பும் சேர்ந்த பியூட்டர், 58 சதவீதம் பிஸ்மத்தும் 42 சதவீதம் வெள்ளீயமும் கலந்து 138 டிகிரியிலேயே உருகும் கலவை, இந்த மூன்றும் வகுப்புக்குப் போதும். 660 டிகிரியில் உருகும் அலுமினியத்துக்கும் அதற்கு மேலே போகும் பித்தளைக்கும் தனி இடமும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். முதல்முறையாக வகுப்பெடுப்பவர் பிஸ்மத் கலவையில் தொடங்குவது நல்லது. 138 டிகிரியும் தோலைப் பொசுக்கும்தான். ஆனாலும் எல்லாமே கொஞ்சம் நிதானமாக நடக்கும்.

கீழே வரும் சோதனைகள் எல்லாவற்றையும் முழு முகக்கவசம், மணிக்கட்டைத் தாண்டும் தோல் கையுறை, பருத்தி உடை, மூடிய தோல் காலணி இவற்றோடுதான் செய்ய வேண்டும். கால்சட்டையின் விளிம்பு காலணிக்கு மேலே, வெளிப்பக்கமாக விழ வேண்டும். உள்ளே செருகியிருந்தால் சிந்தும் உலோகம் நேராகக் காலணிக்குள் போகும். ஊற்றும் இடம் முழுக்க ஓர் இரும்புத் தட்டும் அதில் உலர்ந்த மணலும் இருக்கட்டும்.

## உலோகம் பொரிகிறது, தெறிக்கிறது, "டப்" என்று வெடிக்கிறது

முதலில் நிறுத்துங்கள். காரணம் தெரியும்வரை அடுத்த ஊற்று கிடையாது. அடுப்பை அணைத்து, பிள்ளைகளைப் பின்னால் அனுப்பிவிட்டு அப்புறம் தேடலாம்.

காரணம் ஏறக்குறைய எப்போதும் ஈரம். நீர் ஆவியாகும்போது அதன் கனஅளவு சுமார் 1,600 மடங்கு பெருகும். உலோகத்துக்கு அடியில் ஒரு சொட்டு மாட்டினாலே போதும், மேலே இருப்பதெல்லாம் காற்றில் பறக்கும். அந்த ஒரு சொட்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் வேலை.

உருகிக்கொண்டிருக்கும்போதே தெறித்தால் கடைசியாக உள்ளே போட்டது என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் முந்தைய வகுப்பில் ஊற்றுவாயில் (அச்சுக்குள் உலோகம் இறங்கும் வழியில்) உறைந்து மிஞ்சிய துண்டு, கழுவி வைத்த வார்ப்பு, அல்லது குளிர்ந்த அறையிலிருந்து எடுத்துவந்த கட்டியாக இருக்கும். குளிர்ந்த உலோகத்தின் மேல் காற்றின் ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். இனி உள்ளே போகும் எந்தத் துண்டும் முதலில் உருக்கும் பாத்திரத்தின் விளிம்பிலோ சூடான தட்டிலோ சில நிமிடங்கள் காய வேண்டும். கசடு எடுக்கும் கரண்டிக்கும் வெப்பமானிக் கம்பிக்கும் இதே விதிதான். பாத்திரத்தில் உலோகம் உருகிவிட்டது என்றால் புதிய துண்டு போடுவது ஆசிரியரின் வேலை, மாணவரின் வேலை அல்ல.

அச்சில் ஊற்றும்போது தெறித்தால் அச்சைப் பாருங்கள். எந்த வகை அச்சு என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

சிலிக்கோன் ரப்பர் அச்சு என்றால் யாரோ அதைக் கழுவியிருப்பார்கள். மூலைகளில் நீர் தங்கும். துடைத்தால் போதாது, மிதமான வெப்பத்தில் முழுக்க உலர்த்துங்கள்.

ஈர மணல் அச்சு என்றால் மணலைக் கைப்பிடியில் அழுத்திப் பாருங்கள். விரல் தடம் தெளிவாகப் பதிய வேண்டும், உடைத்தால் இரண்டு துண்டாகச் சுத்தமாக உடைய வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. உள்ளங்கை நனைந்தால் அந்த மணலைப் பரப்பிக் காய வைத்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். பிள்ளைகள் மணலில் கூடுதலாகத் தண்ணீர் தெளித்துவிடுவது வழக்கம். அச்சு அப்போது அழகாகப் பதியும், அதனால்தான். தெளிப்பானை ஆசிரியர் மேசையில் வைத்துக்கொண்டால் இந்தப் பிழை பாதி ஒழியும்.

பிளாஸ்டர் அச்சு என்றால் என் கருத்து, வகுப்பறைக்கு அதை விட்டுவிடுவதே நல்லது. தொட்டால் உலர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் இறுகிய பிளாஸ்டருக்குள் வேதிப் பிணைப்பில் நீர் இருக்கிறது, வெள்ளீயத்தின் சூட்டில் அது வெளியேறத் தொடங்கும். பிளாஸ்டரைக் கலக்கும் கட்டத்திலேயே இன்னோர் ஆபத்தும் உண்டு. இறுகும்போது அது நன்றாகச் சூடாகும். கையையோ விரலையோ அதற்குள் புதைத்து அச்செடுக்க எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள். தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடு ஏறும்போது கையை வெளியே எடுக்கவே முடியாது.

எல்லாம் உலர்ந்திருந்தும் தெறித்தால் உலோகத்தின் மேல் சந்தேகம் வர வேண்டும். பழைய பொருள்களை உருக்கினால் உள்ளே காற்றோ நீரோ அடைபட்ட குழிகள் இருக்கலாம். குழாய், மூடிய குமிழ், பூண் போட்ட பொருள் எதையும் அப்படியே போடக் கூடாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத உலோகத்தை வகுப்பில் உருக்காமல் இருப்பதே இதற்குத் தீர்வு.

கூரை ஒழுகும் அறை, ஊற்றும் மேசைக்குப் பக்கத்தில் குழாய், தண்ணீர்ப் புட்டியோடு நிற்கும் மாணவர், இவையும் இதே பட்டியலில்தான் சேரும். தீப்புண் பட்டால் ஓடிப்போய்ச் சேரும் தூரத்தில் தண்ணீர்க் குழாய் இருக்க வேண்டும். ஊற்றும் எல்லைக்குள் இருக்கக் கூடாது.

## உலோகம் உருக மாட்டேன் என்கிறது, அல்லது கஞ்சியாகவே நிற்கிறது

மேலே படிந்த சாம்பல் நிற ஏட்டைச் சூடான உலர்ந்த கரண்டியால் ஒதுக்கிப் பாருங்கள். பல நேரம் அடியில் உலோகம் கண்ணாடி போல உருகியே இருக்கும்.

அப்புறம் எதைக் கொண்டு வெப்பத்தை அளக்கிறீர்கள் என்று பாருங்கள். கைத்துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி பளபளப்பான உலோகப் பரப்பில் பொய் சொல்லும். உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அதை நம்பி வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போவது, நான் பார்த்தவரை, வகுப்புகளில் உலோகம் அளவுக்கு மீறிச் சூடாவதற்கு முதல் காரணம். உலோகத்துக்குள் முனையை அமிழ்த்தி அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி வாங்குங்கள். இந்தப் பட்டறையில் முதலில் பணம் போட வேண்டிய பொருள் அதுதான். கம்பியை உலர்த்திச் சூடேற்றிய பிறகே உள்ளே விட வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் கஞ்சியாக இருந்தால் அது பியூட்டரா என்று கேளுங்கள். தூய வெள்ளீயம் 232 டிகிரியில் சட்டென்று நீராகிவிடும். பியூட்டர் அப்படி இல்லை, சில பத்து டிகிரிகள் கஞ்சிப் பதத்திலேயே கடக்கும். விற்பவர் தரும் தகவல் தாளில் முழுதாக உருகும் வெப்பநிலை போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

உலோகத்தில் வேறு ஏதாவது கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. துத்தநாகம் பூசிய வாளியிலோ டப்பாவிலோ உருக்கினால் பூச்சு கரைந்து உள்ளே போகும், உலோகம் கெட்டியாகும், கசடு ஓயாது. பூச்சில்லாத எஃகு அல்லது வார்ப்பிரும்புப் பாத்திரம் மட்டுமே சரி. பற்றவைத்து மூட்டிய டப்பாக்கள் ஆகவே ஆகாது. அந்தப் பற்றே (சால்டர்) ஏறக்குறைய இதே வெப்பத்தில் உருகிவிடும்.

கடைசியில்தான் அடுப்பு. மின் உருக்கி சூடேறவில்லை, அல்லது தானாக அணைந்து அணைந்து எரிகிறது, அல்லது மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழுகிறது என்றால் மூடியைத் திறந்து பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம். பிரேக்கரை மறுபடி மறுபடி தூக்கிவிடவும் கூடாது. அது விழுவதே எச்சரிக்கை. மின் பணியாளரைக் கூப்பிடுங்கள். வாயு அடுப்பில் வாடை வந்தாலும் இதே கதைதான்: வால்வை மூடி, மின் சுவிட்சுகளைத் தொடாமல், எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.

## அச்சு முழுதாக நிரம்பவில்லை

வகுப்பில் அதிகம் வரும் அறிகுறி இதுதான். விரல் நுனி இல்லாத கை, காது இல்லாத யானை, ஓரம் மழுங்கிய எழுத்து என்று வரும். குறையின் ஓரம் உருண்டு வழவழப்பாக இருந்தால் உலோகம் அங்கே போவதற்குள் உறைந்துவிட்டது என்று பொருள்.

ஊற்றிய விதத்தைப் பாருங்கள். மாணவர் பயந்து கொஞ்சம் ஊற்றி, நிறுத்தி, மறுபடி ஊற்றியிருப்பார். அப்படி ஊற்றினால் இரண்டு ஓட்டமும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும், சில நேரம் அந்தக் கோட்டிலேயே உடையும். ஒரே ஓட்டமாக, நிற்காமல், ஊற்றுவாய் நிரம்பும்வரை ஊற்றப் பழக வேண்டும். இதை உருகிய உலோகத்தில் பழக்கக் கூடாது. குளிர்ந்த கரண்டியில் உலர்ந்த நுண்மணலை எடுத்து, அதே உடுப்பு, அதே முகக்கவசம், அதே நிற்கும் நிலையில் பழக்குங்கள்.

எடையையும் முன்னாலேயே காட்டிவிடுங்கள். 100 கிராம் வெள்ளீயம் வெறும் 14 மில்லி லிட்டர் இடத்தைத்தான் அடைக்கும். கரண்டியில் கொஞ்சமாகத் தெரிவதைத் தூக்கும்போது கை எதிர்பாராமல் தாழும். அந்த அதிர்ச்சியில்தான் சிந்துகிறது. உறைந்த துண்டொன்றைக் கரண்டியில் போட்டுத் தூக்கிப் பார்க்கச் சொன்னால் கை கற்றுக்கொள்ளும்.

கரண்டியும் அச்சும் குளிர்ந்திருக்கிறதா? முதல் வார்ப்பு குறையாகவும் மூன்றாவது நன்றாகவும் வந்தால் அச்சு குளிர்ச்சிதான் காரணம். அச்சை இளஞ்சூடாக்குங்கள். முதல் ஊற்றை அச்சைச் சூடாக்கும் ஊற்றாகவே வைத்துக்கொண்டு, அந்த வார்ப்பை மறுபடி உருக்கப் போட்டுவிடலாம். இதை மாணவரின் வார்ப்பாக எண்ணாமல் ஆசிரியரே ஊற்றினால் யாருக்கும் மனக்குறை வராது.

காற்று வெளியேற வழி இருக்கிறதா? எப்போதும் ஒரே மூலை நிரம்பாமல் வந்தால் அங்கே காற்று அடைபடுகிறது. அந்த மூலையிலிருந்து அச்சின் ஓரம்வரை மெல்லிய ஒரு கோடு கீறிவிடுங்கள். கூரிய ஊசியால் இழுத்த கோடு போதும். காற்று போய்விடும், உலோகம் அவ்வளவு மெல்லிய கீறலுக்குள் போகாது. சிலிக்கோன் அச்சில் மிக லேசாக டால்க் தூள் தடவி, மிஞ்சியதைத் தட்டிவிட்டாலும் நுண்ணிய வேலைப்பாடு நன்றாகப் பதியும். தூளை ஊதி விடாதீர்கள், மூச்சில் போகும்.

ஊற்றுவாய் போதுமா? ஊற்றுவாய் உயரமாகவும் மேலே புனலாகவும் இருந்தால் உலோகத்தின் எடையே அதை மூலைகளுக்குள் தள்ளும். ஒட்டுப்பலகையிலோ, மர இழையைப் பசை சேர்த்து அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையிலோ வெட்டிய அச்சென்றால் மேலே இன்னொரு துண்டு சேர்த்து உயர்த்திவிடலாம்.

வடிவமே மெல்லியதா? பிள்ளைகள் வரையும் கோடுகள் காகிதத்தில் அழகாக இருக்கும். 2 மில்லி மீட்டருக்குக் குறைந்த கழுத்தும் கொம்பும் வகுப்பு அச்சில் நிரம்புவது அபூர்வம். வரைபடத்திலேயே தடிப்பாக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்வதில் தயங்க வேண்டாம். வடிவத்துக்கும் உலோகத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்வதுதான் இந்தப் பாடமே.

இவ்வளவையும் பார்த்த பிறகும் நிரம்பவில்லை என்றால் வெப்பத்தைப் 10 டிகிரி கூட்டுங்கள். ஒரு வார்ப்பு ஊற்றிப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு 10. அச்சு தயாரித்தவர் சொன்ன உச்ச வெப்பம் எதுவோ அங்கே நில்லுங்கள். அதற்கு மேலும் சரியாகவில்லை என்றால் அச்சை மாற்றி வடிவமைக்க வேண்டும். அனுபவமுள்ள ஒரு வார்ப்புத் தொழிலாளியிடம் அச்சையும் குறைபட்ட வார்ப்பையும் சேர்த்துக் காட்டுங்கள். பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.

## வார்ப்பில் சின்னச் சின்னத் துளைகள்

துளையின் உள்பக்கம் வழவழப்பாக, உருண்டையாக இருந்தால் காற்று அல்லது நீராவி. ஈரச் சோதனைகளுக்குத் திரும்பிப் போங்கள். உயரத்திலிருந்து ஊற்றுவதும் காற்றை உள்ளே இழுக்கும், கரண்டியின் மூக்கை ஊற்றுவாய்க்கு மிக அருகில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

துளை ஒழுங்கற்று, உள்ளே மணலோ கறுப்புத் துகளோ தெரிந்தால் மணல் உதிர்ந்திருக்கிறது அல்லது கசடு உள்ளே போயிருக்கிறது. ஊற்றும் முன் கசடை ஒதுக்குங்கள். மணல் அச்சில் உதிரியை வாயால் ஊதக் கூடாது. நுண்ணிய சிலிக்காத் தூள் நுரையீரலுக்குக் கேடு. மென்தூரிகையால் எடுத்துவிடலாம். வகுப்பு முடிந்ததும் உலர்ந்த மணலைத் துடைப்பத்தால் கூட்டுவதும் இதே காரணத்தால் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அதுவும் உலோகமெல்லாம் ஆறிய பிறகு.

## மேற்பரப்பில் பள்ளம் விழுகிறது

தடித்த பகுதியில் மட்டும் குழி விழுந்தால் உறையும்போது உலோகம் சுருங்கியிருக்கிறது. ஊற்றுவாயை அந்தத் தடித்த இடத்துக்கு மேலே வைத்து, நன்றாக நிரப்பிவிடுங்கள். உறையும்போது அங்கிருந்து உலோகம் இறங்கி ஈடுகட்டும். தடித்த பகுதியைப் பின்பக்கமாகக் குடைந்து மெலிதாக்குவது இன்னும் நல்லது, உலோகமும் மிஞ்சும். பிஸ்மத் உறையும்போது விரிவடையும் உலோகம் என்பதால் 138 டிகிரிக் கலவையில் இந்தப் பள்ளம் பெரிதாக வராது. இங்கேயும் பலர் வெப்பத்தைக் கூட்டுவார்கள். கூட்டினால் பள்ளம் பெரிதாகும்.

## அச்சின் ஓரத்தில் ஒழுகுகிறது, பிசிறு விடுகிறது

அச்சின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் இடுக்கியை இறுக்குங்கள். இரு பாதிகளுக்கும் நடுவே உறைந்த துணுக்கு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பலகை வளைந்திருந்தால் சமமான தளத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், இடைவெளி தெரியும். வளைந்த பலகையை இறுக்கிச் சமாளிக்காமல் புதிதாக வெட்டுங்கள்.

ஒழுகத் தொடங்கிய அச்சைக் கையால் பிடிக்கக் கூடாது என்பதை ஊற்றும் முன்பே ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லிவிட வேண்டும். ஒழுகினால் ஊற்றுவதை நிறுத்து, கரண்டியைத் தட்டில் வை, பின்னால் போ. மணல் தட்டு மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஊற்றும்போது அச்சைப் பிடித்துக்கொள்ள ஒரு பிள்ளை என்று யாரும் நிற்கவே கூடாது. தானாக நிற்காத அச்சை மணலில் பாதி புதைத்து நிறுத்துங்கள்.

## வார்ப்பு அச்சை விட்டு வரவில்லை, வந்தால் உடைகிறது

அவசரப்பட்டிருப்பீர்கள். வெள்ளீயம் சிவந்து காட்டாது. உருகியதும் உறைந்ததும், சூடானதும் ஆறியதும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மேலே உறைந்து உள்ளே கஞ்சியாக இருக்கும்போது அசைத்தால் உடையும். சின்ன வார்ப்பு என்றாலும் 10 நிமிடம் தொடாதீர்கள், பெரியதென்றால் இன்னும் அதிகம். தண்ணீரில் போட்டு ஆற்றும் வழக்கம் வகுப்பறைக்கு வேண்டாம்.

ஆறியும் வரவில்லை என்றால் அச்சின் சுவர் செங்குத்தாகவோ உள்ளே வளைந்தோ இருக்கும். சுவருக்குச் சற்றே சரிவு கொடுங்கள். சிலிக்கோன் அச்சு கிழியத் தொடங்கியிருந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. அச்சு வாங்கும்போது உலோகம் ஊற்றத் தாங்கும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள், ரெசின் ஊற்றும் சிலிக்கோன் எல்லாம் தாங்காது.

பிஸ்மத் கலவை இயல்பிலேயே நொறுங்கும் குணமுள்ளது. மெல்லிய பதக்கமோ வளையமோ செய்தால் உடைவது பிழையே அல்ல. அந்த வேலைக்குப் பியூட்டருக்கு மாறுங்கள்.

## புகை, வாடை, கண் எரிச்சல்

ஜன்னலைத் திறப்பதற்கு முன்னால் ஊற்றுவதை நிறுத்துங்கள். எதிலிருந்து வருகிறது என்பதை வைத்து மேற்கொண்டு முடிவு செய்யலாம்.

- எம்.டி.எஃப் அச்சிலிருந்து, ஓரம் கறுத்து, காரமான நெடி: பலகையின் பசை வேகிறது. அதில் கண்ணையும் மூச்சையும் உறுத்தும் ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் உண்டு. உலோகம் அளவுக்கு மேல் சூடாக இருக்கிறது, அல்லது ஒரே அச்சில் பலமுறை ஊற்றிவிட்டீர்கள். சில ஊற்றுகளோடு அந்த அச்சை ஒதுக்கிவிடுங்கள்.
- சிலிக்கோன் அச்சிலிருந்து வெண்புகை: வெப்பம் வரம்பு மீறிவிட்டது. குறையுங்கள்.
- எண்ணெய் மணலிலிருந்து (நீருக்குப் பதில் எண்ணெய் சேர்த்த அச்சு மணல்) புகை: கொஞ்சம் வரும். தொடர்ந்து வந்தால் அந்த அறை அதற்குப் போதாது.
- உருக்கும் பாத்திரத்திலிருந்தே வண்ணப்பூச்சு அல்லது பிளாஸ்டிக் எரியும் நெடி: பூச்சுள்ள பொருள் உள்ளே போயிருக்கிறது. அணைத்துவிட்டு வெளியேறுங்கள்.
- பஞ்சு போன்ற வெள்ளைப் புகை: துத்தநாகமாக இருக்கலாம். அன்றைய வகுப்பு முடிந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரலாம். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு வரும் என்பதால் பெற்றோருக்கு அன்றே சொல்ல வேண்டும், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் என்ன உருக்கினோம் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.

உருக்கும் இடத்துக்கு மேலே புகை உறிஞ்சி இல்லாமல் மின்விசிறியை மட்டும் சுழலவிட்டால் புகை அறை முழுக்கப் பரவும். உறிஞ்சி இருந்தும் புகை பின்னோக்கி வந்தால் காற்றோட்டம் அமைக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். கையை நீட்டிப் பார்த்து "இழுக்கிறது" என்று முடிவு செய்ய முடியாது.

## கட்டியில் காரீயம் இருக்குமோ என்று சந்தேகம்

நன்கொடையாக வந்த உலோகம், பழைய பொம்மை, பழைய பியூட்டர்க் குவளை, பற்றுக்கம்பி இவற்றில் காரீயம் இருக்க நிறைய வாய்ப்புண்டு. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான காரீய அளவென்று ஒன்று இல்லை.

தூய வெள்ளீயக் கம்பியை வளைத்தால் நெறிபடும் சத்தம் கேட்கும். காரீயம் சத்தமில்லாமல் வளையும், காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் கோடு விழும். 100 கிராம் கட்டியை அளவுக் குடுவை நீரில் இறக்கினால் வெள்ளீயம் 14 மில்லி லிட்டர் நீரை உயர்த்தும், காரீயம் 9 மட்டுமே. சோதித்த கட்டியை உலர்த்தாமல் உருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்தச் சோதனைகள் வேண்டாததை ஒதுக்க மட்டும்தான். கொஞ்சமாகக் கலந்த காரீயத்தை இவை காட்டாது. அதற்கு எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி வைத்திருக்கும் ஆய்வகத்திடம்தான் போக வேண்டும். கலவை விவரம் எழுதிக்கொடுக்கும் விற்பனையாளரிடம் புதிதாக வாங்குவது அதைவிடச் சுலபம்.

சந்தேகம் உருக்கிய பிறகு வந்தால் பாத்திரம், கரண்டி, அச்சு மூன்றையும் ஒதுக்கிவையுங்கள். எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பள்ளி நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் தெரிவியுங்கள், இரத்தப் பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் சொல்வார்.

## கூட்டம் நெருங்குகிறது, கை நடுங்குகிறது

இதுவும் ஓர் அறிகுறிதான், மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் கவனித்துப் பார்ப்பேன்.

பிள்ளைகள் கோட்டைத் தாண்டி நெருங்கினால் முதல் காரணம் அவர்களுக்குத் தெரியவில்லை என்பதே. ஊற்றும் மேசையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி தரையில் கோடு போட்டு, பின்வரிசைக்கு உயரமான இருக்கை கொடுங்கள். கைபேசிக் கேமராவைத் தாங்கியில் பொருத்தித் திரையில் காட்டினால் நெருக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டாவது காரணம், சும்மா நிற்பது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஊற்ற, மற்றவர்களுக்கு அரம் பிடிக்கும் வேலையும் வரையும் வேலையும் வேறு மேசையில் இருக்கட்டும். மூன்றாவது காரணம் ஆள் பற்றாக்குறை. ஊற்றும் இடத்தில் ஒரு பெரியவர், மீதி வகுப்போடு இன்னொருவர். இரண்டாவது ஆள் வரவில்லை என்றால் அன்றைக்கு உருக்க வேண்டாம்.

கை நடுங்கும் மாணவரை "பயப்படாதே" என்று சொல்லி ஊற்ற வைக்காதீர்கள். கரண்டியைத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். உலர்ந்த மணலில் மறுபடி பழகட்டும். அப்புறமும் வேண்டாம் என்றால் அச்சு அவருடையது, ஊற்றுவது ஆசிரியர். அந்த வார்ப்பு அவருடையதுதான், அதைப் பெயர் சொல்லியே கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் மாணவர் தன் கையைத் தெரிந்துவைத்திருக்கிறார். வலிப்பு, மயக்கம், கைநடுக்கம் தரும் மருந்து இவற்றைப் பற்றி முன்கூட்டியே தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது, எல்லோர் முன்னும் கேட்கக் கூடாது.

கரண்டியில் ஓர் அச்சுக்கு வேண்டியது மட்டுமே எடுக்க வேண்டும். பெரிய கரண்டி வாங்காமல் இருந்தாலே இது தானாக நடக்கும்.

## தீப்பிடித்தால், உலோகம் மேலே பட்டால்

பலகை அச்சு கனன்றால் உலர்ந்த மணலை அள்ளிப் போட்டு மூடுங்கள். உருகிய உலோகத்தின் மேல் தண்ணீர் ஒருபோதும் கூடாது. கரியமில வாயு அணைப்பானை உருகிய உலோகத்தை நோக்கி அடித்தால் வேகத்தில் அது சிதறும். மணலில் அடங்கவில்லை என்றால் எல்லோரையும் வெளியேற்றித் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

தோலில் பட்டால் பிள்ளையை ஊற்றும் எல்லைக்கு வெளியே குழாயடிக்கு அழைத்துப்போய், 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம், இரண்டு நிமிடத்தில் வலி குறைந்ததென்று நிறுத்த வேண்டாம். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய உலோகத்தையோ துணியையோ பிய்க்காதீர்கள், அப்படியே நீரைக் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய், மாவு எதுவும் வேண்டாம். அப்புறம் ஒட்டாத சுத்தமான படலத்தால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு. கண், முகம், கை, மூட்டு என்றால் சின்னப் புண் என்று பார்க்காமல் உடனே போங்கள். கண்ணில் பட்டால் நீரால் கழுவிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

என்ன உலோகம், எத்தனை டிகிரியில் இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்தனுப்புங்கள். மீதி வகுப்போடு இருக்கும் பெரியவர் அதற்குள் அடுப்பை அணைத்திருக்க வேண்டும். உருக்கியில் இருக்கும் உலோகம் அப்படியே உறையட்டும். அதை அன்றைக்குக் காலி செய்ய யாரும் முயல வேண்டாம்.